ஆங்கிலம் சோறு போட்டதா?

(தனித்தமிழ் அன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



“ஆங்கிலம் படித்தால் சோறு கிடைக்கும், தமிழ் படித்தால் என்ன கிடைக்கும்?” என்று கேட்கப்படாத தமிழ்மாணவன் இந் நாட்டில் இல்லை. வீட்டில் கேட்கிறார்கள், தெருவில் கேட்கிறார்கள், தமிழால் பிழைக்கும் சிலரே தம் மக்களைப் பார்த்துக் கேட்கிறார்கள். இன்று அக் கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்போம். ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு பருகியவர்க்கு, ஆங்கிலத்தையே விற்கச் சென்ற நாட்டில், அவ் ஆங்கிலம் சோறு போட்டதா?

2007ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள். சப்பான் நாட்டு நகரங்களில் ஆங்கிலேய, ஆத்திரேலிய, அமெரிக்க, கனடிய இளைஞர்கள் செய்வதறியாது நின்றனர். அவர்கள் இரவலர் அல்லர், பட்டம் பெற்றவர்கள், நேற்றுவரை கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வகுப்பெடுத்தவர்கள். சம்பளம் வரவில்லை, குடியிருந்த அறையை விட்டும் சிலர் வெளியேற்றப்பட்டனர். தொழிற்சங்கத்தார் அவர்கட்காக ஓர் ஏற்பாடு செய்தனர். சோறு கொடுங்கள், ஆங்கிலம் சொல்லித் தருகிறோம் என்பதே அவ் ஏற்பாடு. பண்டமாற்று! ஒருவேளை உணவுக்கு ஒரு பாடம்! உலக மொழி என்று உயர்த்திப் பேசப்படும் ஆங்கிலம், அதற்கு உரியவர் வாயிலேயே இந்த விலைக்கு வந்து நின்றது.

இந் நிலை ஒரே நாளில் வந்ததன்று. இதே சப்பானில் அயல்நாட்டு ஆசிரியனை அமைச்சனுக்கும் மேலாக வைத்துச் சம்பளம் கொடுத்த காலமும் உண்டு. 1868இல் மெய்சி ஆட்சி தோன்றியபோது சப்பானியர் தம் நாட்டில் இல்லாத அறிவியலையும் தொழிலையும் கற்றுக்கொடுக்க மேலைநாட்டாரை விலைகொடுத்து அழைத்தனர். ஓசாக்கா நாணயச் சாலையை நடத்த வந்த கிண்டர் என்னும் ஆங்கிலேயர்க்குத் திங்களுக்கு 1,045 யென். அன்று அரசின் தலைமை அமைச்சராயிருந்த சஞ்சோவுக்கோ 800 யென்தான்! 1877இல் தோக்கியோப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது பெரும்பாலான பாடங்களை அயலாரே அயல்மொழியில் நடத்தினர். அறிவு ஆங்கிலத்துள் பூட்டப்பட்டிருந்தது. திறவுகோலை வைத்திருந்தவன் கேட்டதைக் கொடுக்கவேண்டியிருந்தது.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கேளுங்கள். அந்தக் காலத்திலேயே, சப்பானிய மொழியால் பயனில்லை, ஆங்கிலத்தையே நாட்டுமொழியாக்கிவிடலாம் என்று சொன்னவரும் சப்பானில் இருந்தார். மோரி அரிநோரி என்பது அவர் பெயர். 1872இல் அமெரிக்க மொழியறிஞர் விட்னிக்கு இதைப் பற்றி மடல் எழுதினார். விட்னி என்ன சொன்னார்? ஆங்கிலேய இனத்தவரான அவரே, தாய்மொழியைக் கைவிடாதீர் என்று மறுத்தெழுதினார். அப்போது இலண்டனிலிருந்த பாபா தத்சுயி என்னும் இளைஞர், 1873இல் சப்பானிய மொழிக்கு ஓர் இலக்கண நூலை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டு, எம் மொழிக்கு என்ன குறை என்று கேட்டார். ஆங்கிலம் ஆட்சிமொழியானால் அதைக் கற்க வாய்ப்புள்ள செல்வர் ஒருபுறமும் உழைக்கும் மக்கள் மறுபுறமுமாக நாடே இரண்டாய்ப் பிளந்துபோகும் என்றும் எச்சரித்தார். அவருக்கு அப்போது அகவை இருபத்துமூன்று. மோரியோ, 1885இல் நாட்டின் முதற் கல்வியமைச்சரே ஆனார். ஆயினும் அவருடைய அப் பழைய கருத்து ஈடேறவில்லை.

ஈடேறாமைக்குக் கரணியம், வேறு பலர் வாளா இராமல் வேலை செய்தமையே. நிசி அமனே போன்றோர் இருந்து சொல்லாக்கம் செய்தனர். மெய்யியலுக்கு ஒரு சொல், உளவியலுக்கு ஒரு சொல், கலைக்கு ஒரு சொல் என்று துறைதோறும் சொற்கள் பிறந்தன. அச் சொற்களைச் சீன எழுத்துகளின் துணைகொண்டே அவர்கள் ஆக்கினர் என்பது குறையே. தன் வேரினின்றே சொல் முளைப்பிக்கும் வளம் தமிழுக்கு உண்டு. அவ் வளம் அவர்கட்கு வாய்க்கவில்லை. வாய்க்காதவர் செய்து முடித்தார்கள், வாய்த்தவர் இன்னும் “முடியுமா?” என்று வினவிக்கொண்டிருக்கிறார்கள்! அது நிற்க.

சொல் வந்தது, நூல் வந்தது, வெளிநாடு சென்று கற்ற சப்பானியர் திரும்பி வந்து தம் மொழியில் பாடஞ்சொன்னார்கள். அயல் ஆசிரியரின் தேவை சுருங்கியது. மாந்தர் வாழ்வில் அது எப்படி விளைந்தது என்பதற்கு இருவர் கதை போதும்.

ஒருவர் இலாப்காதியோ எர்ன். கிரேக்கத் தாய்க்கும் ஐரியத் தந்தைக்கும் பிறந்தவர். 1890இல் சப்பானுக்கு வந்து மத்சுயே என்னும் நகரில் ஆங்கில ஆசிரியரானார். அந்நாட்டுப் பெண்ணை மணந்தார். அந்நாட்டுப் பழங்கதைகளை உலகறிய எழுதினார். 1896இல் சப்பானியக் குடிமகனாகிக் கொயிசுமி யாக்குமோ என்று பெயரும் மாற்றிக்கொண்டார். குடியுரிமை மாறினால் சம்பளம் சப்பானியர் அளவுக்கு இறங்குமோ என்னும் அச்சம் அவர்க்கு இருந்தது. ஆயினும் தோக்கியோப் பல்கலைக்கழகம் அவரை அயலார்க்குரிய உயர்ந்த சம்பளத்திலேயே அமர்த்தியது. திங்களுக்கு 400 யென். 1903இல் அச் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுக்கப் பல்கலைக்கழகம் விரும்பவில்லை. மாணவர்கள் கிளர்ந்தெழுந்து தடுத்தும் அவர் விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டே, தம் 54ஆம் அகவையில் மறைந்தார்.

அவர் இடத்துக்கு வந்தவருள் ஒருவர் நத்சுமே சோசெகி; பின்னாளில் சப்பானின் தலைசிறந்த புதினவாசிரியர். அவர்க்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது ஆண்டுக்கு 800 யென். எர்ன் இரு திங்களில் பெற்றதைச் சோசெகி ஓராண்டில் பெற்றார்! இதே சோசெகி 1895இல் மத்சுயாமா நடுநிலைப் பள்ளியில் ஓர் அயலார் விட்டுச்சென்ற இடத்தில் அமர்ந்து 80 யென் பெற்றபோது, அப் பள்ளித் தலைமையாசிரியர் பெற்றது 60 யென். அயலான் நாற்காலிக்கே அன்று அவ்வளவு விலை. எட்டாண்டில் அந்த விலை இறங்கிவிட்டது.

ஆங்கில ஆசிரியராகவே வாழ்ந்த அந்தச் சோசெகி 1911இல் எழுதிய கட்டுரையொன்றின் கருத்தை இங்குள்ள ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். மாணவரின் ஆங்கிலத் திறன் குறைந்துவிட்டது என்று அன்று சப்பானில் ஓலமிட்டனர். சோசெகி சொன்னார்: குறைந்தது இயல்பே, எல்லாப் பாடத்தையும் நம் மொழியிலேயே கற்பிக்கத் தொடங்கியதன் விளைவு அது, கல்வி வளர்ந்ததற்கு அடையாளமேயன்றித் தாழ்ந்ததற்கு அன்று. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கற்பது, ஆங்கிலேயனுக்கு அடிமைப்பட்ட இந்தியா போன்ற நிலையை நினைவூட்டுகிறது என்றும் எழுதினார். அந்த எடுத்துக்காட்டுக்கு அவர் நம்மைத்தான் தேர்ந்துகொண்டார்!

இனி, நூறாண்டைக் கடந்து வருவோம். அறிவுக்குத் திறவுகோலாய் ஆங்கிலம் வேண்டப்பட்ட காலம் சப்பானில் போயிற்று. பகட்டுக்கும் அலுவல் உயர்வுக்கும் வேண்டப்படும் காலம் வந்தது. ஆங்கில உரையாடற் பள்ளிகள் தொடர்வண்டி நிலையந்தோறும் கடைவிரித்தன. அவற்றுள் மிகப் பெரியது 1981இல் தோன்றிய நோவா. ஏறத்தாழ 4,000 அயல்நாட்டு ஆசிரியர். மூன்று இலக்கத்துக்கும் மேற்பட்ட மாணவர். 40 மணித்துளிக்கு ஒரு பாடம். ஒன்று முடிந்தால் சிறிது இடைவெளி. உடனே அடுத்த கூட்டம். ஆசிரியனுக்கு வேண்டிய தகுதி என்ன? ஏதேனும் ஒரு பட்டம், ஆங்கிலம் தாய்மொழியாதல். பயிற்சி பெற்றவனா, இலக்கணம் அறிந்தவனா என்ற ஆராய்ச்சியெல்லாம் இல்லை. அவர்கள் வாங்கியது ஆசிரியனை அன்று, ஒலிப்பை! பிறப்பினால் வந்த ஒலிப்பு ஒன்றே சரக்கானால், அதே சரக்கை வைத்திருப்போர் உலகில் எத்தனை கோடி! ஒருவன் போனால் மற்றொருவன். கூலி எப்படி உயரும்?

1990களிலும் அதன் பின்னும் அவர்கட்குத் தொடக்கச் சம்பளம் பொதுவாகத் திங்களுக்கு 2,50,000 யென் என்றே நின்றது. பிற்காலத்தில் பல இடங்களில் அதற்குக் கீழும் இறங்கியது. நம் உருவாவாக மாற்றிப் பார்த்தால் பெரிதாகத் தோன்றும்; தோக்கியோ வீட்டு வாடகையைக் கொடுத்துப் பார்த்தால் தெரியும். வேலைநேரத்தையும் கிழமைக்கு 29½ மணி என்று எழுதிவைத்தார்கள். அந்த அரை மணிக்குப் பொருள் உண்டு. முழுநேர வேலையில் முக்காற் பங்கை எட்டினால் அன்று முதலாளியும் ஆசிரியனுக்காக மருத்துவ, ஓய்வூதியக் காப்பீட்டில் தன் பங்கைக் கட்டவேண்டியிருந்தது. அதைத் தவிர்க்கவே அரை மணியைக் குறைத்தார்கள். மாணவரை வகுப்புக்கு வெளியே ஆசிரியர் சந்திக்கலாகாது என்றும் நோவா கட்டளையிட்டிருந்தது. ஓசாக்கா வழக்கறிஞர் கழகம் 2004இல் அதனை மாந்த உரிமைக்கு மாறானது என்று கண்டித்தது. மாணவனைக் கண்டால் ஒதுங்கிப் போகவேண்டிய ஆசிரியன்! ஆசான் என்னும் சொல்லின் பொருள் அறிந்த இனத்துக்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும், அது பள்ளியன்று, கடை என்பதற்கு?

கடை சாய்ந்தது. முன்பணமாகப் பெற்ற கட்டணத்தைத் திருப்பித் தருவதில் நோவா செய்த முறைகேட்டை 2007 ஏப்ரலில் உச்ச முறைமன்றம் கண்டித்தது. சூனில் அரசு அதன் வணிகத்தில் ஒரு பகுதியை ஆறு திங்களுக்கு நிறுத்தியது. செப்டம்பர்ச் சம்பளம் காலந்தாழ்ந்தது. அக்டோபர்ச் சம்பளம் வரவேயில்லை. ஆசிரியரின் சம்பளத்தில் வாடகையைப் பிடித்துக்கொண்டு அதை வீட்டுக்காரருக்குச் செலுத்தாமலும் விட்டிருந்தது. அக்டோபர் 26இல் காப்பு வேண்டி ஓசாக்கா முறைமன்றத்துக்குச் சென்றது. பணியாளர் நலநிதியில் 32 கோடி யென்னைக் கையாண்ட குற்றத்துக்காக நிறுவனர் 2009இல் தண்டிக்கப்பட்டார்.

தனியார் கடை அப்படித்தான், அரசு செவ்வனே கொடுத்திருக்கும் என்பீர்கள். சப்பானிய அரசு 1987இல் அயல்நாட்டு இளைஞரைப் பள்ளிகளுக்கு அழைக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதலாண்டில் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். வரிபோக ஆண்டுக்கு 36,00,000 யென். ஒப்பீட்டில் நல்ல சம்பளமே. கால் நூற்றாண்டு அது அசையவில்லை. 2012இல் அசைந்தது, கீழ்நோக்கி! புதிதாய் வருவோர்க்கு 33,60,000 யென், வரியும் அதிலிருந்தே. 2025இல்தான் 40,20,000 என்று உயர்த்தினார்கள். இடையில் யென்னின் மதிப்பே வீழ்ந்தது. 2011இல் ஓர் அமெரிக்க வெள்ளிக்கு 80 யென்னுக்கும் குறைவு. 2022 அக்டோபரில் 150ஐத் தாண்டியது. ஊரில் வாங்கிய கல்விக் கடனை இங்கிருந்து அடைக்கும் இளைஞனுக்குக் கைப்பொருள் பாதியானதற்கு ஒப்பு.

ஊர்க் கல்விக் கழகங்கள் பல, அதுவும் மிகுதி என்று, குறைந்த விலை கேட்ட நிறுவனங்களிடம் ஆசிரியரை ஒப்பந்தத்துக்கு எடுத்தன. அவ் ஒப்பந்தத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே வகுப்பறையில் சப்பானிய ஆசிரியரும் அயல் ஆசிரியரும் நிற்பார்கள்; ஆனால் முன்னவர் பின்னவர்க்கு நேரே ஒரு வேலை சொன்னால் அது தொழிற்சட்டத்துக்கு மாறு! நிறுவனத்தின் வழியாகத்தான் சொல்லவேண்டும். பாடம் எப்படி நடக்கும் என்பதை ஆசிரியத் தொழில் அறிந்தார் எண்ணிப்பார்க்க.

அப்படியானால் சப்பானியர் ஆங்கிலத்துக்குக் கொட்டிய பணம் எங்கே போயிற்று? கடைமுதலாளிக்குப் போயிற்று, விளம்பரத்துக்குப் போயிற்று, தேர்வுக்குப் போயிற்று. 1979இல் சப்பானியரே கேட்டு அமெரிக்க நிறுவனத்தைக்கொண்டு உருவாக்கிய தோயிக்குத் தேர்வை ஆண்டுதோறும் இலக்கக்கணக்கானவர் கட்டணம் கட்டி எழுதுகின்றனர். வகுப்பில் தொண்டை வறண்டவனுக்குப் போனது மிகச் சிறிது. பின்னாளில் பிலிப்பைன்சு இளைஞரைக் கணிப்பொறி வழியே பேசவைத்து, வெள்ளையனுக்குக் கொடுத்ததிலும் மிகக் குறைவாகக் கொடுத்து அதே பாடத்தை விற்றார்கள். ஆங்கிலம் ஒன்றே, கடவுச்சீட்டைப் பார்த்துத்தான் கூலி!

இதைக் கேட்டு, “ஆங்கிலேயன் பட்டினி கிடந்தான், வேண்டும்” என்று மகிழ்வார் இவ் அவையில் எவரேனும் இருப்பின், அவர் தனித்தமிழ் நெறியைப் பிழைபட உணர்ந்தவர். நம் எதிர்ப்பு மொழித்திணிப்போடு. எந்த மொழி பேசும் ஏழையோடும் அன்று. பர்மிங்காமிலிருந்தோ பிரிசுபேனிலிருந்தோ சென்ற அந்தப் பிள்ளைகள் யாரையும் ஆளச் செல்லவில்லை, வயிற்றுக்குச் சென்றார்கள். அவர்களை ஏய்த்ததும், “ஆங்கிலம் இருந்தால் உலகில் எங்கும் பிழைக்கலாம்” என்னும் அதே சொல்தான். நம் பிள்ளைகளிடம் இன்று சொல்லப்படுவதும் அதுவே. பிறப்பிலேயே அதைப் பெற்றவர்க்குப் போதாத மொழி, பாதி கற்ற நம் பிள்ளைக்குமட்டும் அரண்மனை கட்டித் தருமா? எர்ன் காலத்தில் ஆங்கிலத்துக்கு விலை இருந்ததென்றால், அது சப்பானிய மொழியில் நூலின்மையால் இருந்த விலை. அவ் விலையை இறக்கியவர் சட்டம் இயற்றியவர் அல்லர். இரவெல்லாம் விளக்கேற்றி மொழிபெயர்த்தவர்.

நோவாவின் பெயரையும் வகுப்புகளையும் 2007 நவம்பரில் நாகோயா நிறுவனமொன்று எடுத்துக்கொண்டது. பழைய பெயர்ப்பலகையின் கீழேயே பல கிளைகள் திரும்பவும் திறந்தன. ஊர் திரும்பப் பயணச்சீட்டுக்குப் பணமில்லாதார் சிலர் அங்கேயே மீண்டும் வேலைக்குச் சேர்ந்தனர். நிலுவைச் சம்பளத்தில் எண்பது விழுக்காடுவரை அரசே ஈடுசெய்யும் சட்டம் ஒன்று சப்பானில் உண்டு. சப்பானியத் தொழிலாளர்க்காகச் சப்பானிய மொழியில் இயற்றிய அச் சட்டம் அயலார்க்கும் பொருந்தும். தொழிற்சங்கத்தார் அதை எடுத்துக்கூறித் துணைநிற்க, அந்த ஆங்கில ஆசிரியர்கள் விண்ணப்பம் எழுதி வரிசையில் நின்றார்கள்.