பனி உருகிய ஏரியில் பெருவாய் மீன்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசாது மீனைப் பற்றிப் பேச வந்தவனைக் கண்டு சிலர் புன்முறுவல் பூக்கின்றீர்கள். நம் சங்கத்தார் பிள்ளைகளுள் பலர் இன்று அமெரிக்காவில் குடியிருக்கின்றனர். அந்நாட்டின் வடபகுதியில் ஏரிப் பனிக்கட்டி உருகியதும் தூண்டிலும் கையுமாகக் கரை சேர்வோர் மிகப் பலர். ஆதலின் இப்பொருள் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

அவர்கள் நாடுவது 'லார்ஜ்மவுத் பாஸ்' என்னும் பெருவாய் மீன். மேல்தாடை கண்ணையும் கடந்து நீண்டிருத்தலின் இப்பெயர் பெற்றது. கோடையில் தவளையையும் பாய்ந்து விழுங்கும் வேட்டை மீன் அது. குளிர்நீரிலோ அதன் போக்கே வேறு. நீரின் குளிரே அதன் உடற்குளிர், உண்டது செரிக்க நெடுநேரம் ஆகும், பசியும் சுருங்கும். கரையில் இளவேனில் வந்துவிட்டது என்று மனிதன் மகிழலாம். மீன் அறிந்தது நீரை மட்டுமே.

நீர் 4 டிகிரி சென்டிகிரேடில் மிகுந்த அடர்த்தி உடையது. ஆதலின் பனிக்கட்டி மூடிய ஆழ்ந்த ஏரியின் அடியில் ஏறத்தாழ அவ்வெப்பமுள்ள நீர் தங்கும். கட்டி உருகி, மேல்நீரும் அதே நிலையை எட்டும்போது, காற்று ஏரியை அடிவரை கலக்கிவிடும். பின்னர் முதலில் வெதுவெதுப்பாவன ஆழமற்ற, கருஞ்சேறு படிந்த ஒதுக்கிடங்கள். அவற்றுள்ளும் வடகரையே சிறந்தது. தென்திசைக் கதிரவன் ஒளி அங்கே நன்கு விழும், வாடைக்காற்றும் தடைபடும். சிறுமீன்கள் அவ்விடம் நாடிவரப் பெருவாயும் பின்தொடரும். வைகறைத் துயில் நீத்து ஓடுவதால் இப்பருவத்தில் பயனில்லை. உண்டு இளைப்பாறி, வெயில் ஏறிய பிற்பகலில் செல்பவனே கெட்டிக்காரன்!

நாட்காட்டியையும் நம்பலாகாது. மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்டன் ஏரி பனி நீங்கிய நாட்களைத் தோரோ தம் நூலில் குறித்துள்ளார். 1852-இல் அது ஏப்ரல் 18. மறு ஆண்டிலோ மார்ச் 23. இக்காலத்தில் பெரும்பாலும் அவர் காலத்தினும் முன்னதாகவே உருகிவிடுகிறது. வெப்பமானி ஒன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கிப் பார்ப்பதே நேரிய வழி.

தூண்டில் போடுவதில் வேகம் கூடாது. சிறுமீன் வடிவில் செய்த, நீரிடையே அசையாது நிற்கும் பொய்யிரையை மெல்ல ஒருமுறை இழுத்து, பத்து இருபது எண்ணும்வரை வாளா இருக்க வேண்டும். மீன் வெடுக்கென்று பற்றாது. கயிறு சற்றே கனப்பதே அடையாளம். நம்மவருட் பொறுமையற்றோர் இதற்குள் வீடு திரும்பிவிடுவர்.

பிடித்த மீனை என் செய்வது? இப்பருவத்துப் பெண்மீன் வயிறு நிறைய முட்டை சுமந்திருக்கும். நீர் 15 டிகிரியை ஒட்டி வந்தபின் ஆண்மீன் தரையைத் துடைத்துக் கூடமைக்க, அங்கே முட்டையிடும். நம் விரால் தன் பார்ப்புகளைக் காப்பது போல, அந்த ஆண்மீனும் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். ஆதலின் கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்து, உடனே நீரில் விட்டுவிடுதலே தக்கது. சில மாநிலங்களில் இப்பருவத்தில் பிடிக்கவே தடையுண்டு. உரிமச்சீட்டு வாங்கும்போதே விதிகளைப் படித்தறிதல் வேண்டும்.

இனி, பெற்றோர் செவியில் விழ வேண்டிய ஒன்று. காற்று இதமாக இருப்பது கண்டு மெல்லிய சட்டையுடன் படகேறும் இளைஞர் உண்டு. அந்நீரில் தவறி விழுந்தால் முதல் நிமிடத்தில் தன்னை அறியாமலே மூச்சுத் திணறும். அப்போதே நீரை விழுங்கி மாண்டோர் உளர். ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் கைகால்கள் செயலற்றுப் போகும். நீச்சலில் வல்லவனும் கரை சேர்தல் அரிது. உயிர்காப்புச் சட்டையைப் படகின் மூலையில் வைத்திருந்தால் போதாது. கரையிலேயே அணிந்து, வார்களை இறுக்கிய பின்னரே ஏற வேண்டும். துணையின்றிச் செல்லவும் கூடாது. உங்கள் மக்களுடன் தொலைபேசியில் பேசும்போது, எத்தனை மீன் கிடைத்தது என்று கேட்குமுன் சட்டை அணிந்தாயா என்று கேளுங்கள்.