சலங்கைக்கும் ஒரு பாலாலயம்

(கும்பாபிஷேக விழாவில் ஆற்றிய உரை)

  

பீடத்தோடு மூர்த்தியைப் பிணிக்கும் அஷ்டபந்தன மருந்து நாளடைவில் கட்டுத் தளர்கிறது. ஆகவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்கிறோம். திருப்பணி நடக்குங்கால் இறைவனைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்கிறோம். கருவறை அடைத்திருக்கும், பூசை மட்டும் நிற்பதில்லை. இதனை இங்கே கண்டபொழுதுதான் என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றன் பொருள் எனக்கு விளங்கிற்று.

இளமையில் பரதம் பயின்றேன். பத்தொன்பதாம் வயதில் திருமணம். சலங்கை பெட்டிக்குள் சென்றது. எவரும் தடுத்தாரல்லர். குழந்தைகள், மாமியாரின் நோய், வீட்டுப் பொறுப்பு என இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. நாற்பத்து நான்காம் வயதில் பெட்டியைத் திறந்தேன். தோற்பட்டை வெடித்திருந்தது, மணிகள் முன்போலவே ஒலித்தன.

மீண்டும் கற்கச் சென்றேன். ஆசிரியைக்கு என் மகளின் வயது. "அம்மா, தட்டடவிலிருந்தே தொடங்குவோம்" என்றார். வர்ணம் ஆடியவளுக்கு அச்சொல் எளிதில் தாங்கக் கூடியதன்று. அரைமண்டியில் முழங்கால் நடுங்கியது. மூன்றாங்காலத்தில் மூச்சு வாங்கியது. "இந்த வயதில் எதற்கு?" என்று உறவினர் கேட்டனர், என் உள்ளமும் அதனையே கேட்டது.

அதற்கு விடை பாண்டியன் ஒருவனிடம் கிடைத்தது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலே கால்மாறி ஆடின படலம் உண்டு. இராசசேகர பாண்டியன் அறுபத்துமூன்று கலைகளில் வல்லவன். ஆடலை மட்டும் கற்காது விட்டிருந்தான். கரிகாற் சோழனைச் சார்ந்த புலவர் ஒருவர் அக்குறையைச் சுட்டவே, அரசனான பின்னர் அதனைப் பயின்றான். உடம்பெல்லாம் நொந்தது. அந்நோவில் எழுந்த எண்ணம் யாது? 'நமக்கே இத்துணை வருத்தமாயின், ஓயாது ஒரு காலூன்றி ஆடும் பெருமானுக்கு எத்துணை வருத்தமோ!' என்பதே. கால் மாறி ஆடியருளுமாறு உயிரையே பணயமாக வைத்து வேண்டினான். இன்றும் மதுரை வெள்ளியம்பலத்தில் பெருமான் வலத் திருவடியைத் தூக்கி ஆடுகின்றான். அறுபத்துமூன்று கலைகள் தராத கனிவை அறுபத்துநான்காவது கலையின் வலி தந்தது. பிந்திக் கற்போர்க்கு இறைவன் வைத்திருக்கும் பரிசு அதுவே.

அம்மதுரையில் 1904இல் பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். மயிலாப்பூர் கௌரியம்மாளிடமும் பந்தனைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பரதம் பயின்று, 1935இல் அடையாற்றில் அவர் மேடையேறியபோது வயது 31. அடுத்த ஆண்டு நிறுவிய கலாக்ஷேத்திரத்தை 1986இல் மறையும் வரை பேணினார். அவருக்குக் கற்பித்த கௌரியம்மாளோ கபாலீசுவரர் கோயில் மரபில் வந்தவர். கோயில்களில் சதிர் ஓய்ந்த பின்னரும் அத்தகைய பெண்மணிகளின் உடம்பிலே அக்கலை குடியிருந்தது. அதுவும் ஒரு பாலாலயந்தானே!

என் இருபத்தைந்து ஆண்டுகளும் அவ்வாறே. தொட்டில் ஆட்டும்போது விரல் தாளம் எண்ணியது. அடுப்பங்கரையில் பதம் ஒன்று வாயில் வந்துகொண்டே இருந்தது. கதவு அடைத்திருந்ததே யன்றிப் பூசை நிற்கவில்லை.

மீண்ட ஆர்வத்தை எவ்வாறு காப்பது என்று பலர் கேட்கின்றனர். நான் கண்டது சிறிதே. அரைமணி நேரமாயினும் நாள்தோறும் ஆடுக. உடம்பை இளக்கிய பின்னரே தொடங்குக. அரைமண்டி இயன்ற அளவே போதும்; வலியை மருத்துவரிடம் மறைக்க வேண்டா. பழைய நாளின் உடம்போடு இன்றைய உடம்பை ஒப்பிட வேண்டா. கால் குறைந்த இடத்தில் அபிநயம் நிறைகிறது. பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு யசோதையின் முகத்தை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

பெருமக்களே! ஒரு வேண்டுகோளோடு நிறைவு செய்கிறேன். நீங்கள் புதுப்பித்த இம்மண்டபத்தில் வாரம் ஒரு மாலையேனும் நடுவயதுப் பெண்கள் ஆடிப் பயில இடம் தாருங்கள். மேடையும் விளக்கும் வேண்டா. தரையும் தாளமும் போதும். நம் ஊரில் எத்தனை வீடுகளில் சலங்கை பெட்டிக்குள் துயில்கின்றதோ! கலசத்துக்கு நீர் வார்த்த இந்நன்னாளில் அவற்றின் பாலாலயமும் முடிவுறுக. ஆடல்வல்லான் திருவருள் யாவர்க்கும் துணை நிற்க!