வறட்சியைத் தாங்கும் கேழ்வரகு



மழை பெய்தால் பால்மரம் சீவ இயலாது. அன்றைய வருமானமும் குறையும். வானத்தை நம்பி வாழும் இக்கவலையை நாம் அறிவோம். தமிழ்நாட்டின் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் ஓரிரு ஏக்கரில் மானாவாரியாகப் பயிரிடும் உழவருக்கோ, மழை பெய்யாமையே கவலை.

அவர்களுக்குக் கேழ்வரகு கைகொடுக்கின்றது. நெல்லைவிடக் குறைந்த நீரே அதற்குப் போதும். உரச் செலவும் குறைவு. விளைச்சலில் அது நெல்லை எட்டாது என்பது உண்மையே. ஆயினும் வறண்ட ஆண்டில் நெல் பொய்த்தால், போட்ட முதல் கடனாக நிற்கும். கேழ்வரகு ஓரளவேனும் வீடு வந்து சேரும். நன்கு காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆகவே விலை வீழ்ந்த நாளில் அவசரப்பட்டு விற்க வேண்டியதில்லை.

2024-25-ஆம் ஆண்டுக்கு இந்திய அரசு நிர்ணயித்த ஆதரவு விலை, 100 கிலோ நெல்லுக்கு 2,300 ரூபாய். கேழ்வரகுக்கு 4,290 ரூபாய். எனினும் வாங்குவோர் இல்லையேல் விலை ஏட்டளவிலேயே நிற்கும். 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட நியாய விலைக் கடைகளில், அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். அதனால் நிலையான சந்தைக்கு வழி பிறந்தது.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் நாம் ஊற்றும் கூழை, வறுமையின் அடையாளமென எண்ணுவோர் உண்டு. பஞ்சம் கண்ட முன்னோர், நன்கு கணக்கிட்டே அத்தானியத்தைப் போற்றினர். நமது வீட்டுப் புறத்தே உள்ள சிறு நிலத்தையும் ஒரே பயிருக்கு ஒப்படைக்காது, மரவள்ளி, சோளம், கீரை எனப் பகிர்ந்து பயிரிடுவோமாக. இழப்பைக் குறைப்பதும் இலாபமே.