கொடியும் குப்பைத் தொட்டியும்

"நம்ம ஆளுங்க திருந்தவே மாட்டாங்க!" லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையோரம் ஒரு காகிதக் குவளை கிடந்தால் போதும், முதலில் இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் ஓர் இந்தியராகத்தான் இருப்பார். அவரே ஆகஸ்ட் 15 வந்தால் சட்டையில் மூவர்ணக் கொடியைக் குத்திக்கொள்வார்.

அசுத்தம் என்ன பிறவிக் குணமா? சிங்கப்பூரும் குப்பையோடு போராடிய ஊர்தான். 1968 அக்டோபரில் பிரதமர் லீ குவான் யூ தூய்மை இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அரை நூற்றாண்டு கழிந்தும், சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கச் சொல்லி, 2021 செப்டம்பரில் உணவங்காடி நிலையங்களில் சட்டத்தைக் காட்ட வேண்டியிருந்தது. முதல் முறை எச்சரிக்கை. மறுமுறை 300 வெள்ளி அபராதம். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லாருக்கும் அதே விதி.

இன்று தேக்கா நிலையத்தில் பிரியாணி சாப்பிட்ட தமிழர் தட்டோடு எழுந்து போகிறார். அவர் ரத்தம் மாறிவிடவில்லை. தட்டை வைக்க இடம் வந்தது, தவறினால் கேட்க ஆள் வந்தது. பிறகு அதுவே பழக்கமாயிற்று.

சொந்த இனத்தைத் திட்டுவது எளிது. அதனால் ஒரு தெருவும் சுத்தமாகாது. சென்னையில் இறங்கிய பிறகும், கேட்க ஆளில்லாத தெருவிலும், அந்தக் கை குப்பைத் தொட்டியைத் தேடுகிறதா? அதுதான் நாட்டுப்பற்று.