காணக் கற்பித்தல்



தொடக்கநிலைப் பள்ளியில் படம் வரைய அஞ்சும் குழந்தையைக் காண்பது அரிது. அதே குழந்தை உயர்நிலை முதலாம் வகுப்பிற்கு வரும்போது, "எனக்கு வரைய வராது" என்று தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு வருகிறது. சிறாரின் ஓவிய வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்து விக்டர் லோவன்ஃபெல்ட் 1947ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். ஏறத்தாழ 12 வயதில் பிள்ளைகள் தம் படைப்பைத் தாமே கடுமையாக மதிப்பிடத் தொடங்குவதை அந்நூல் உணர்த்துகிறது. குறையைக் காணும் திறன் வந்துவிடுகிறது. குறையைக் களையும் திறன் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில்தான் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிடுகின்றனர்.

நான் பணியேற்ற புதிதில் செய்த பிழை ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மாணவன் ஒருவன் மேசைமீதிருந்த குவளையை வரைந்தான். அதன் வாயை முழு வட்டமாக வரைந்திருந்தான். நான் அவன் பென்சிலை வாங்கி, அவன் தாளிலேயே திருத்தினேன். படம் சீரானது. மறுவாரம் அவன் வெற்றுத் தாளை என் பக்கம் நகர்த்தி, "நீங்களே வரைந்துவிடுங்கள், சார்" என்றான். அன்றுமுதல் மாணவர் தாளில் என் பென்சில் படுவதில்லை. காட்ட வேண்டியதை வேறொரு தாளில் வரைந்து காட்டுகிறேன்.

அவன் கையில் குறையில்லை. குவளையின் வாய் வட்டம் என்று அவன் அறிவான், அறிந்ததை வரைந்தான். அவன் அமர்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்ததோ நீள்வட்டம். அறிந்ததற்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்துவதே ஓவிய ஆசிரியரின் முதற்கடமை.

இதற்குச் சில பயிற்சிகள் உண்டு. தாளைப் பாராமல், பொருளின் விளிம்பின்மீது கண்ணையும் தாளின்மீது பென்சிலையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் பயிற்சியைக் கிமோன் நிக்கோலைடிஸின் 1941ஆம் ஆண்டு நூல் விளக்குகிறது. எல்லார் படமும் கோணலாகவே வரும், வகுப்பு சிரிக்கும், அச்சம் விலகும். படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையும் பயிற்சியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. பொருளின் பெயர் மறையும்போது, கோடு கோடாகவே தெரிகிறது.

வண்ணத்திற்கும் இதுவே நெறி. நிழல் என்றவுடன் மாணவர் கறுப்பை நாடுவர். இலையின் பச்சையில் சிறிது சிவப்பைக் கலந்து பாருங்கள் என்பேன். உயிருள்ள இருள் கிடைக்கும். நீர்வண்ணத்தில் தாளின் வெண்மையே ஒளி. ஆதலால் எங்கே தீட்டாமல் விட வேண்டும் என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

இயற்கைக் காட்சி வரையச் சொன்னால், இரு மலைகளுக்கு நடுவே உதிக்கும் சூரியன் வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் எந்தச் சன்னலிலிருந்து அதனைக் கண்டோம்? 1954ஆம் ஆண்டில் நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணியேற்ற ஜார்ஜெட் சென், இம்மண்ணின் கனிகளையே தம் ஓவியங்களுக்குப் பொருளாக்கினார். 1965இல் அவர் தீட்டிய ரம்புத்தான் ஓவியம் புகழ்பெற்றது. ஒரு ரம்புத்தானை மாணவர் கையில் கொடுங்கள். சிவப்பு என்று அவர்கள் நினைத்த தோலில் மஞ்சளையும் பச்சையையும் அவர்களே காண்பர்.

மொழிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். நம் சாலையோரத்தில் குடைவிரித்து நிற்கும் மழைமரத்தைத் தமிழர் தூங்குமூஞ்சி மரம் என்றழைத்தனர். மாலையில் அதன் இலைகள் கூம்புவதை யாரோ நின்று கண்டதனால் பிறந்த பெயர் அது. கூர்ந்து காண்பவனுக்குச் சொல் கிடைக்கிறது. சொல் கிடைத்தவன் மேலும் கூர்ந்து காண்கிறான்.

இந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஓவியப் பாடம் தமிழில் நடைபெறுவதில்லை. எனினும் வீடு திரும்பும் பிள்ளையிடம், தமிழ் வகுப்பில் அமரும் மாணவனிடம், அவன் வரைந்த படத்தைப் பற்றித் தமிழில் உரையாடலாம். "அழகு" என்றோ "சரியில்லை" என்றோ சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இதில் நீ எதைக் கண்டாய்? இந்த நிழல் எங்கிருந்து விழுகிறது?" என்று கேளுங்கள். தன்மீது எழுதிக்கொண்ட தீர்ப்பை அவனே அழிக்கத் தொடங்குவான். பென்சில் அவன் கையிலேயே இருக்கட்டும்.