நடந்து போற வழிக்கும் விளக்கு வேணும்

சகோதரிகளே,

ஆம்பூரும் துத்திப்பட்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். காலையில டிபன் டப்பாவோட ஷூ கம்பெனிக்குப் பேசிக்கிட்டே நடந்தா தூரமே தெரியாது. அதே வழி, ஓவர்டைம் முடிஞ்சு இருட்டுல திரும்பறப்ப நீண்டு போயிடுது.

2021 மே மாசத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்குக் கட்டணம் இல்லை. ஆனா இறங்கி நடக்கிற தெருவில் வெளிச்சம் வேணுமே! கிராமத்தில் தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். விளக்கு எரியாத கம்பங்களின் நம்பரைக் குறிச்சு, குழுவா கையெழுத்துப் போட்டு மனு கொடுப்போம். தீர்மானத்தில் எழுதும்வரை எழுந்திரிக்க வேண்டாம். சேமிப்பு, கடன் மாதிரி இதுவும் குழு வேலைதான்.