கரகரப்பு ரேடியோவின் குற்றமல்ல

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடைப்பேச்சு எனக்குப் பழக்கமில்லை. ஊரிலே ரேடியோ திருத்துகிற கடையொன்றில் வேலை செய்தவன் நான். நோர்வேக்கு வந்தபிறகும், "அண்ணை, இந்த ரேடியோ இழுக்குதில்லை, ஒருக்கால் பாருங்கோ" என்று யாராவது கேட்டுக்கொண்டுதான் இருப்பினம். "அதைப்பற்றியே பேசுங்கோவன்" என்று நிர்வாகசபையினர் சொன்னார்கள். ஆகவே இன்றைக்கு ஒரு சின்ன விஷயம்: கையில் தூக்கித் திரிகிற ரேடியோவைத் தெளிவாகக் கேட்க வைப்பது எப்படி? "இந்தக் காலத்தில் இது தேவையோ, எல்லாம் போனில் இருக்குதே" என்று பிள்ளைகள் சிரிக்கலாம். அதற்கு ஒரு அம்மாவின் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் தனியாக இருக்கிறவ அவ. வயது 78. கண்பார்வை குறைவு. போனில் எழுத்து வாசிக்க முடியாது. உள்ளூர் எஃப்.எம்.மில் வருகிற தமிழ் நிகழ்ச்சிதான் அவவுக்குப் பத்திரிகை. போன தீபாவளிக்கு அவவீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது ரேடியோ கரகரவென்று இரைந்தது. "தம்பி, இது ஏன் இப்பிடிக் கத்துது?" என்று கேட்டா. நான் எழும்பிப் பார்க்கவில்லை. "பழைய ரேடியோ அம்மா, வேற ஒண்டு வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவ வேறு வாங்கவில்லை. ரேடியோவை நிற்பாட்டிவிட்டா.

மாசி மாதம் அவவைக் கோயிலில் கண்டேன். முகம் வாடியிருந்தது. ஊரில் அவவோடு ஒரே வகுப்பில் படித்தவ, இங்கேயும் ஐந்தாறு தரிப்பிடம் தள்ளி இருந்தவ, தை மாதம் காலமாகிவிட்டாவாம். மரண அறிவித்தல் ரேடியோவில் போயிருக்கிறது. "இவவுக்குத் தெரிந்திருக்கும்தானே" என்று எல்லோரும் நினைத்திருக்கினம். இறுதிக்கிரியை முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகுதான் இவவுக்குத் தெரிய வந்தது. "ஒரே ஊரில இருந்தும் அவளுக்கு ஒரு பூப் போடேலாமப் போச்சு, தம்பி" என்று சொன்னா.

அன்றைக்கே அவவோடு வீட்டுக்குப் போனேன். ரேடியோ குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்தது. ஏரியல் மடித்தபடி. பக்கத்தில் பேரப்பிள்ளை புதிதாகப் பூட்டிவிட்ட இன்ரநெற் பெட்டி. மேலே புது எல்.ஈ.டி. லைற். ரேடியோவை யன்னலடிக்குக் கொண்டுபோய், ஏரியலை நீட்டிவிட்டேன். பத்து நிமிட வேலை. தெளிவாகக் கேட்டது. ரேடியோவில் ஒரு பழுதும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை நான் தீபாவளியன்று செலவழித்திருக்க வேண்டும். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

பார்க்கவேண்டியவை நான்கு: இடம், ஏரியல், இரைச்சல், பற்றரி. இதே ஒழுங்கில் பாருங்கோ.

முதலாவது, இடம். அடுக்குமாடிச் சுவர்களில் கொங்கிறீற்றும் உள்ளே இரும்புக் கம்பியும் இருக்கின்றன. அவை அலையை மறைக்கும். ஆகவே யன்னலடி நல்லது. ஆனால் இங்குள்ள புது யன்னல்களில், வீட்டுச் சூடு வெளியேறாமல் இருக்கக் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத உலோகப்பூச்சு பூசியிருக்கும். அது வானொலி அலையையும் குறைக்கும். அதனால் ஒரு யன்னலில் சரிவராவிட்டால் மற்ற அறை யன்னலையும் பாருங்கோ. அனுப்புகிற கோபுரம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து யன்னல்தான் பெரும்பாலும் வெல்லும். குளிர்சாதனப் பெட்டி, மைக்குறோவேவ் போன்ற இரும்புப் பெட்டிகளுக்கு மேலே வைக்காதீர்கள்.

எஃப்.எம். அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீற்றர். கோபுரத்திலிருந்து நேரே வருகிற அலையும், எதிர்க்கட்டிடத்தில் பட்டுத் திரும்பி வருகிற அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அடித்து விழுத்திவிடும். அந்த இடத்தில் ரேடியோ இரையும். அதே மேசையில் அரை மீற்றர் தள்ளி வைத்தால் தெளிவாகப் பாடும். "நான் கிட்டப் போனால் கேட்குது, விலகினால் இரையுது" என்று சொல்வீர்களே, அதற்கும் காரணம் இதுதான். எங்கள் உடம்பும் அலையைத் திருப்புகிறது.

இரண்டாவது, ஏரியல். இதில்தான் பலர் பிழை விடுகிறோம். ஒவ்வொரு அலைக்கும் ஒவ்வொரு முறை உண்டு.

எஃப்.எம்.முக்கு அலைநீளத்தின் கால்வாசி, அதாவது ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர் நீளம் நல்லது. உங்கள் ஏரியல் அதைவிடக் கட்டையென்றால் முழுதாக இழுத்துவிடுங்கோ. பிறகு நிமிர்த்தியும் சாய்த்தும் படுக்கவைத்தும் பாருங்கோ. இன்னும் மெல்லிய இரைச்சல் இருந்தால், ரேடியோவில் 'ஸ்ரீரியோ - மோனோ' சுவிச் இருக்கிறதா பாருங்கோ. மோனோவில் விட்டால் இரைச்சல் நன்றாகக் குறையும். பேச்சுக் கேட்க மோனோ போதும்.

மத்திய அலைக்கு வெளியே இருக்கிற ஏரியல் உதவாது. ரேடியோவுக்கு உள்ளே செப்புக்கம்பி சுற்றிய கறுத்தக் கோல் ஒன்று இருக்கும். அதுதான் ஏரியல். ஆகவே ரேடியோவையே மெதுவாகச் சுழற்ற வேண்டும். ஒரு திசையில் நிலையம் உரத்துக் கேட்கும், இன்னொரு திசையில் மறைந்துபோகும். ஊரிலே மத்திய அலை கேட்கும்போது எங்கட பெரியவர்கள் ரேடியோவைத் திருப்பித் திருப்பி வைத்தது சும்மா பழக்கத்துக்காக அல்ல.

சிற்றலைக்கு நீட்டு வயர் வேண்டும். இங்கே என் பழைய கதையொன்று. 1992 இல் நான் நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தேன். வேலை முடிந்து வந்தால் நாலு பேர் ஒரு ரேடியோவைச் சுற்றி இருப்போம். ஊரில் என்ன நடக்கிறது என்று அறிய பிபிசி தமிழோசையை விட்டால் வேறு வழியில்லை. அந்த ஒலிபரப்பு தெற்காசியாவை நோக்கி அனுப்பப்பட்டது. எங்களுக்கு வந்தது அதன் மிச்சம்தான். 10 மீற்றர் வயரை யன்னலால் வெளியே விட்டு, உடுப்புக் காயப்போடுகிற கம்பத்தில் கட்டி, மற்ற நுனியை ஏரியலில் சுற்றினோம். குரல் வந்தது. வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுகிற இரவுகளில் மட்டும் அந்த வயரும் பயன்படவில்லை. சூரியனிலிருந்து வருகிற துகள்கள் மேல்வானத்தைக் குழப்பும்போது சிற்றலை அங்கேயே விழுங்கப்பட்டுவிடும். ஊர்க்காரர் அந்த வெளிச்சத்தின் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் செய்தி போய்விட்டதே என்று நிற்போம்.

1941 இல் தொடங்கிய தமிழோசை, 2017 ஏப்ரல் 30 உடன் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. ஆனால் சிற்றலை முற்றாக மறைந்துவிடவில்லை. கேட்க விரும்புகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கோ: பகலில் உயர்ந்த எண்கள், இரவில் தாழ்ந்த எண்கள். வெளியே வயர் கட்டுகிறவர்கள் மின்கம்பிக்குக் கிட்டப் போகாதீர்கள். இடிமின்னல் வரும் என்றால் முன்னதாகவே வயரைக் கழற்றி வையுங்கோ.

இனி டி.ஏ.பி. என்கிற எண்ணியல் வானொலி. நோர்வேயின் தேசிய நிலையங்கள் 2017 யனவரி 11 இல் நூர்லாண்டில் தொடங்கி, டிசம்பர் 13 இல் ட்ரொம்ஸ், ஃபின்மார்க்கோடு எஃப்.எம்.மை விட்டுவிட்டன. உலகத்திலேயே முதலில் அப்படிச் செய்த நாடு இது. சிறிய உள்ளூர் வானொலிகள் பல எஃப்.எம்.மில் தொடர்ந்தன. ஆகவே பழைய எஃப்.எம். ரேடியோவில் தேசிய நிலையம் வரவில்லையென்றால், ஏரியலை எவ்வளவு முறுக்கினாலும் வராது. அதற்கு டி.ஏ.பி. ரேடியோ வேண்டும்.

டி.ஏ.பி. கரகரக்காது. தண்ணீர் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம் வரும், பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். பலர் அதைப் பழுது என்று நினைத்து எறிகினம். ஏரியலை நேரே மேல்நோக்கி நிமிர்த்துங்கோ. டி.ஏ.பி. அலை நிமிர்ந்த நிலையில்தான் வருகிறது. வீடு மாறினால், அல்லது நிலையம் ஒன்று காணாமற்போனால், நிலையங்களைத் தேடுகிற பொத்தானை அமத்தி முழுதாக ஒருமுறை தேடவிடுங்கோ. பாதி நோய் அதோடு தீரும்.

மூன்றாவது, இரைச்சல். முன்னைய காலத்தில் வீட்டில் ஒரு பல்ப்பும் ஒரு மின்விசிறியும்தான். இன்று எல்.ஈ.டி. லைற், போன் சார்ஜர், கணினியின் மின்பெட்டி, இன்ரநெற் பெட்டி, லைற்றைக் கூட்டிக் குறைக்கிற சுவிச் எல்லாமே தங்கள் பங்குக்கு இரைச்சலைக் கிளப்பும். மலிவான சார்ஜர்கள் பலவேளை மிக மோசம். மத்திய அலையும் சிற்றலையும் இதில் கூடுதலாக அடிபடும்.

கள்ளனைப் பிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ரேடியோவைப் பற்றரியில் போடுங்கோ. இரைகிற இடத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒவ்வொரு பொருளாகச் செருகியிலிருந்து கழற்றுங்கோ. சுவிச்சை நிற்பாட்டினால் போதாது, கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது இரைச்சல் விழுகிறதோ அதுதான் கள்ளன். அதை இரண்டு மீற்றர் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் போதும். எல்லாவற்றையும் கழற்றியும் இரைச்சல் போகவில்லையென்றால் அது அடுத்த வீட்டிலிருந்து வரலாம். அப்போது வீட்டின் மற்றப் பக்கத்துக்கு மாறுங்கோ.

நான்காவது, பற்றரி. பற்றரி இறங்கினால் சத்தம் குறைந்து குரல் உடையும். நிலையம் போய்விட்டது என்று நினைப்போம். முதலில் புதுப் பற்றரி போட்டுப் பாருங்கோ. பாவிக்காத ரேடியோவில் பற்றரியை விட்டுவைக்காதீர்கள். கசிந்து, தகட்டை அரித்துவிடும். அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளையாகப் படிந்திருந்தால், பஞ்சில் கொஞ்சம் வினாகிரி தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுப் பற்றரி போடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கோ.

பற்றரியின் அருமை எங்களுக்குத் தெரியாததா? 1990 யூனில் திரும்பவும் சண்டை தொடங்கியபிறகு யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லை. பற்றரி தடைசெய்த பொருள். தேய்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்தோம், துளை போட்டு உப்புத் தண்ணி விட்டோம். கடைசியில் சைக்கிள் டைனமோ. அது 6 வோல்ற், அதாவது நாலு பற்றரிக்குச் சமம். ஆனால் டைனமோவிலிருந்து வருவது ஆடலோட்டம். ரேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். இடையில் டயோட்டும் கொண்டென்சரும் வைத்துப் பூட்டிக் கொடுப்பதுதான் அந்த நாட்களில் எங்கள் கடையின் முக்கிய வேலை. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு ஒருவர் மிதிப்பார், பத்துப் பேர் செய்தி கேட்பார்கள். மிதிக்கிறவர் களைத்தால் குரல் தேயும். "டேய், மிதியடா, பேர் சொல்லுறாங்கள்" என்று யாராவது கத்துவார்கள். அந்தப் பட்டியலில் எவருடைய பெயர் வரும் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள்.

அது அந்த நாட்டுக் கதை என்று நினைக்கவேண்டாம். 2025 ஏப்ரல் 28 அன்று நண்பகலில் ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் ஒரேயடியாகக் கறண்ட் போனது. போன் தொடர்பும் பல இடங்களில் விழுந்தது. சனம் கடைக்கு ஓடிப் பற்றரி ரேடியோ வாங்கியது. தெருவில் ஒரு ரேடியோவைச் சுற்றி நின்று கேட்டார்கள். 2024 இலையுதிர்காலத்தில் நோர்வே அரசு வீடு வீடாக அனுப்பிய கைந்நூலிலும், ஒரு கிழமைக்கு வேண்டிய தண்ணீர், சாப்பாட்டோடு, பற்றரியில் ஓடுகிற டி.ஏ.பி. ரேடியோவும் வைத்திருக்கும்படி சொல்லியிருக்கிறது. பலர் அதைப் பிரிக்காமலே போட்டிருப்போம். வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கோ.

கடைசியாக, பிள்ளைகளே, தம்பிமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் புத்தாண்டுக்குப் பெரியவர்களின் வீட்டுக்குக் கைவிசேடம் வாங்கப் போவீர்கள். போகிற வீட்டில் ரேடியோ எங்கே இருக்கிறது என்று பாருங்கோ. ஏரியலை நீட்டிவிடுங்கோ. இரைச்சல் இருந்தால் என்னைப்போல "வேற வாங்குங்கோ" என்று சொல்லிவிட்டு வராமல், பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து பாருங்கோ. சரியான இடம் கண்டுபிடித்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன ஒட்டுத்துண்டு ஒட்டிவிடுங்கோ. தூசு துடைத்தபிறகு ரேடியோவைத் திரும்பவும் அதே இடத்தில் வைக்க அது உதவும்.

அந்த அம்மாவின் யன்னலடியிலும் ஒரு ஒட்டுத்துண்டு இருக்கிறது. போன கிழமை ரெலிபோன் எடுத்து, "தம்பி, இண்டைக்கு நல்லாக் கேட்டுது, ஒருத்தரும் சாகேல்லை" என்று சொன்னா. அவவுக்கு அது நல்ல செய்தி. எனக்கும்தான்.